பழைய அமெரிக்க நாணயங்களை நியாயமான விலைக்கு வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய நாணயம் சேர்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஆரம்பித்தபோது கடையில் ஒரு விலை, ஈபேயில் இன்னொரு விலை, விலைப்பட்டியல் புத்தகத்தில் வேறொரு விலை என்று இருந்தது. எதை நம்புவது என்று சொல்ல ஆள் இல்லை. டீலர்கள் பேசும் சுருக்கப் பெயர்கள் காதுக்குப் பழகவே பல மாதம் பிடித்தது. கேட்டும் படித்தும் துண்டு துண்டாகச் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு நாணயத்துக்கு 10 முதல் 300 டாலர் வரை செலவு செய்யத் தயாராக இருப்பவருக்கான வழி இது. தங்க நாணயங்களை இதில் தொடவில்லை, அதன் கணக்கே வேறு.

1. முதலில் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் எதன் விலையும் மனதில் நிற்காது. ஒரே வரிசையை (ஒரே வடிவத்தில் வருடா வருடம் வந்த நாணயங்களை) எடுத்துக்கொண்டு அதில் ஐம்பது அறுபது நாணயங்களின் விலையைத் தினமும் பார்த்துவந்தால், இரண்டே மாதத்தில் பாதி டீலர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். மலிவாக வாங்குவதற்கு இதைவிடப் பெரிய வழி எதுவும் எனக்குத் தெரியாது.

புதிதாக வருபவருக்கு நான் சொல்வது ஃபிராங்க்ளின் அரை டாலர். 1948 முதல் 1963 வரை அச்சடித்தார்கள். வருடமும் நாணயச்சாலையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 35 நாணயங்கள்தான். எல்லாமே 90 சதவீத வெள்ளி. கையில் எட்டாத அபூர்வம் என்று ஒன்றுகூட இந்த வரிசையில் கிடையாது. ரூஸ்வெல்ட் 10 சென்ட் நாணயத்தின் வெள்ளிக் காலமும் (1946 முதல் 1964) அப்படித்தான்.

லிங்கன் ஒரு சென்ட் எல்லோருக்கும் பிடிக்கும், கோதுமைக் கதிர் போட்ட 1909 முதல் 1958 வரையிலான காசுகள். பெரும்பாலானவை சில்லறைக் காசுக்கே கிடைக்கும். ஆனால் 1909 எஸ் விடிபி வெறும் 4,84,000 தான் அச்சடிக்கப்பட்டது (எஸ், டி என்பவை அச்சடித்த நாணயச்சாலையின் எழுத்து, விடிபி என்பது வடிவமைத்தவரின் பெயரெழுத்துகள்). 1914 டி, 1931 எஸ் ஆகியவையும் விலை கூடியவை. மெர்க்குரி 10 சென்ட் வரிசையில் 1916 டி வந்து நிற்கும், மொத்தம் 2,64,000. வரிசையை ஆரம்பிக்கும் முன்பே அதன் விலை உயர்ந்த நாணயம் எது, அதை வாங்க முடியுமா என்று பார்த்துவிடுங்கள். வாங்க முடியாவிட்டால் ஆல்பத்தில் அந்த நாணயத்துக்கான ஓட்டையை மட்டும் காலியாக விட்டுவிடலாம், தவறில்லை. முடிவை முன்னாலேயே எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

2. மூன்று விலைகள்

எந்த நாணயத்தைக் கையில் எடுத்தாலும் மூன்று விலை தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் விலை. 1964 வரை வந்த 10 சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் 90 சதவீதம் வெள்ளி. 1965 முதல் 1970 வரையிலான கென்னடி அரை டாலரில் 40 சதவீதம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 நடுவிலிருந்து 1945 வரை வந்த 5 சென்ட் நாணயத்தில் 35 சதவீதம். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: பின்பக்கக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேலே பெரிதாக பி, டி அல்லது எஸ் என்ற எழுத்து இருக்கும்.

கணக்கு இதுதான். முகமதிப்பு 1 டாலருக்கான 90 சதவீத வெள்ளி நாணயங்களில் (நான்கு கால் டாலர் அல்லது பத்து 10 சென்ட்) தேய்மானம் போக 0.715 அவுன்ஸ் வெள்ளி என்று டீலர்கள் கணக்கு வைப்பார்கள். வெள்ளி அவுன்ஸ் 40 டாலர் என்று வைத்துக்கொண்டால் 28.60 டாலர். ஒரு கால் டாலருக்கு 7.15. மார்கன், பீஸ் போன்ற வெள்ளி டாலர்களில் 0.7734 அவுன்ஸ் இருக்கும், அதே விலையில் ஏறத்தாழ 31 டாலர். இங்கே அவுன்ஸ் என்றால் 31.1 கிராம் கொண்ட ட்ராய் அவுன்ஸ். சமையலறைத் தராசு காட்டும் அவுன்ஸ் 28.35 கிராம்தான், குழப்பிக்கொள்ளாதீர்கள். அன்றைய வெள்ளி விலையைக் கைபேசியில் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். கடைக்குள் நுழையும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டாவது, டீலர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. இதற்கு கிரேஷீட் என்ற பட்டியல் இருக்கிறது, 1963 முதல் வருகிறது. சந்தா கட்ட வேண்டும். ஆரம்பத்தில் அவசியமில்லை, ஆனால் டீலர் எதைப் பார்த்து விலை சொல்கிறார் என்று தெரிந்திருப்பது நல்லது.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம்: அண்மையில் அந்த நாணயம் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பது. ஈபேயில் தேடியபின், வடிகட்டிப் பார்க்கும் இடத்தில் ‘விற்றவை’ மட்டும் காட்டு என்று தேர்ந்தெடுத்தால் தெரியும். ஹெரிட்டேஜ், கிரேட் கலெக்ஷன்ஸ் போன்ற ஏல நிறுவனங்களும் பழைய ஏல முடிவுகளைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. நாணயங்களின் தரத்தை மதிப்பிடும் பிசிஜிஎஸ் நிறுவனத்தின் காயின்ஃபேக்ட்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு நாணயத்துக்கும் படமும் ஏல வரலாறும் இலவசமாகக் கிடைக்கும்.

இங்கே ஒரு பொறி. ஈபேயில் விற்ற விலைமேல் கோடு போட்டிருந்தால், வாங்கியவர் பேரம் பேசிக் குறைவாக வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். எவ்வளவு குறைவு என்பது அங்கே தெரியாது. அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதேபோல் ஒருவர் 5,000 டாலர் என்று போட்டு வைத்திருக்கும் பட்டியலுக்கு ஒரு மதிப்பும் இல்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சாதாரண 1976 கால் டாலரை ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ரெட் புக் என்று எல்லோரும் சொல்லும் வருடாந்திர விலைப் புத்தகத்தை ஒருமுறை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வருடம் எவ்வளவு அச்சடித்தார்கள், என்னென்ன வகைகள் இருக்கின்றன என்று பார்க்க அருமையானது. அதில் இருக்கும் விலைகள் சில்லறை விலைகள், அதுவும் அச்சுக்குப் போன நாளின் விலைகள். அந்த விலை கொடுத்து வாங்கினால் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம்.

3. நான்கு கருவிகள்

0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், மில்லிமீட்டர் அளக்கும் காலிப்பர். எல்லாம் சேர்த்து 50 டாலருக்குள் முடிந்துவிடும்.

தராசில் ஒட்டி வைக்க வேண்டிய எடைகள்: வெள்ளி 10 சென்ட் 2.50 கிராம், வெள்ளி கால் டாலர் 6.25, வெள்ளி அரை டாலர் 12.50, 40 சதவீத அரை டாலர் 11.50, வெள்ளி டாலர் 26.73. வெள்ளி இல்லாத 10 சென்ட் 2.27, கால் டாலர் 5.67, அரை டாலர் 11.34. பழைய செம்பு ஒரு சென்ட் 3.11, 1982க்குப் பிறகு வந்த துத்தநாகக் காசு 2.50. தேய்ந்த நாணயம் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அதிகமாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

தராசு இல்லாத இடத்தில் விளிம்பைப் பாருங்கள். வெள்ளி நாணயத்தின் விளிம்பு முழுவதும் ஒரே வெண்மையாக இருக்கும், 1965 முதல் வந்த வெள்ளி இல்லாத நாணயத்தில் நடுவே செம்புக் கோடு தெரியும்.

4. அச்சடித்த எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்

நாணயத்தில் இருக்கும் சின்ன எழுத்து அது எங்கே அச்சடிக்கப்பட்டது என்று சொல்லும். டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், சிசி என்றால் கார்சன் சிட்டி. ஃபிலடெல்பியாவுக்கு 1979க்கு முன் பெரும்பாலும் எழுத்தே கிடையாது. லிங்கன் காசில் வருடத்துக்குக் கீழேயும், மார்கன் டாலரில் பின்பக்க மாலைக்குக் கீழேயும் தேடுங்கள்.

விற்பவர்கள் ‘குறைவாக அச்சடித்தது’ என்று சொல்லித்தான் விலையை ஏற்றுவார்கள். எத்தனை அச்சடித்தார்கள் என்பதைவிட எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். 1884 சிசி மார்கன் டாலர் 11,36,000 தான் அச்சடித்தார்கள். ஆனால் அதில் 9,62,638 நாணயங்கள் புழக்கத்துக்கே போகாமல் அரசாங்கக் கருவூலத்தில் கிடந்து, 1970களில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. ஆகவே புதிதுபோல் இருக்கும் 1884 சிசி சுலபமாகக் கிடைக்கும். கார்சன் சிட்டி என்ற பெயருக்கே தனி விலை உண்டு என்பது வேறு விஷயம், ஆனால் கிடைக்காத பொருள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1950 டி 5 சென்ட் நாணயமும் அப்படித்தான். குறைவாக அச்சடிக்கிறார்கள் என்று தெரிந்து அப்போதே எல்லோரும் சுருள் சுருளாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 1918ல் பிட்மன் சட்டத்தின்கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் பெரும்பகுதி வெள்ளி, அப்போதைய பிரிட்டிஷ் இந்தியாவில் ரூபாய் அடிப்பதற்காகப் போனது. எந்த வருட டாலர் எவ்வளவு உருக்கப்பட்டது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் மார்கன் டாலர் வாங்கும்போது புத்தகத்தில் உள்ள அச்சு எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்காமல், ஏல முடிவுகளைப் பாருங்கள்.

5. கிரேடு: விலை ஏறுவதும் இறங்குவதும் இங்கேதான்

நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்வார்கள். 60ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்குப் போகாதது. ஒரே நாணயம் 64ல் ஒரு விலை, 65ல் இரண்டு மடங்கு, 66ல் ஐந்து மடங்கு என்று தாவும் இடங்கள் உண்டு. வெறும் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்றால், அந்த ஒரு எண்ணுக்காக இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம்.

என் தனிப்பட்ட பரிந்துரை ஏயூ 58 (ஏயூ என்றால் ஏறக்குறைய புழங்காதது). கொஞ்சமே கைபட்டு, மேட்டுப் பகுதியில் இலேசாகத் தேய்ந்தது. பல நேரம் இது 61, 62 கிரேடு நாணயத்தைவிட அழகாக இருக்கும், ஏனென்றால் 61, 62 என்பவை மூட்டைக்குள் மோதி மோதிக் கீறல் விழுந்தவை. விலை மட்டும் குறைவு.

கிரேடு போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவதை ஸ்லாப் என்பார்கள். நம்பத் தகுந்தவை பிசிஜிஎஸ், என்ஜிசி, அனாக்ஸ். இவற்றில் அனாக்ஸ் பெட்டியில் இருக்கும் நாணயம் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் மலிவாகப் போகும். நாணயத்தைப் பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு இது நல்ல வாய்ப்பு. கேள்விப்படாத நிறுவனத்தின் பெட்டியில் எம்எஸ் 67 (எம்எஸ் என்றால் புழக்கத்துக்குப் போகாதது) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிட்டு, பெட்டி இல்லாத நாணயமாக நினைத்து விலை பேசுங்கள்.

பெட்டியில் ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதியிருந்தால் நாணயத்தை யாரோ தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள், அல்லது கீறல், துளை அடைத்தது போன்ற குறை இருக்கிறது. இவை பாதி விலைக்கும் கீழே போகும். 1909 எஸ் விடிபி போன்ற நாணயத்துக்கு ஆல்பத்தில் ஓட்டை காத்திருக்கிறது, முழு விலை கொடுக்க முடியாது என்றால் டீடெய்ல்ஸ் நாணயம் வாங்குவதில் குற்றமில்லை. சாதாரண வருடத்து நாணயத்தை மட்டும் அப்படி வாங்காதீர்கள், நல்லதே மலிவாகக் கிடைக்கும்போது குறையுள்ளது எதற்கு?

கழுவிய நாணயத்தை எப்படித் தெரிந்துகொள்வது? விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். கை வைக்காத வெள்ளி நாணயத்தில் ஒளி மையத்திலிருந்து விளிம்புக்குக் கம்பி கம்பியாகச் சுழலும். கழுவியதில் சுழலாது, முழுவதும் ஒரே மாதிரி பளபளக்கும். பூதக்கண்ணாடியில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் தெரியும். தேய்ந்த நாணயம் புதுப்பாத்திரம் போல மின்னினால் அது கழுவியதுதான். நீங்களும் எக்காரணம் கொண்டும் கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம்.

நீங்களே நாணயத்தை அனுப்பி கிரேடு வாங்கலாமா? செலவைப் பாருங்கள்: நாணயத்துக்கான கட்டணம், கையாளும் கட்டணம், போக வர காப்பீட்டுடன் அஞ்சல், நேரடியாக அனுப்ப பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டிலும் உறுப்பினர் சந்தா. ஒரு நாணயத்துக்கு எப்படியும் 50 டாலரைத் தாண்டும். திரும்பி வர வாரங்கள், சில நேரம் மாதங்கள். 200 டாலருக்குக் குறைந்த நாணயத்தை அனுப்புவது வீண். ஏற்கெனவே ஸ்லாப் போட்டதாக வாங்கிவிடுங்கள், அந்தச் செலவை முந்தைய உரிமையாளர் செய்துவிட்டார்.

6. எங்கே தேடுவது

வங்கிச் சுருள்கள். செலவே இல்லாத வழி. வங்கியில் கேட்டால் முகமதிப்புக்கே சுருள் தருவார்கள்: 5 சென்ட் சுருள் 2 டாலர் (40 காசு), 10 சென்ட் 5 டாலர் (50), கால் டாலர் 10 டாலர் (40), அரை டாலர் 10 டாலர் (20). அரை டாலர் புழக்கத்தில் கிட்டத்தட்ட இல்லாததால் பழையவை உள்ளேயே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். முன்கூட்டிச் சொன்னால் 500 டாலர் பெட்டியாக வரவழைத்துத் தருவார்கள், ஒரு வாரம் ஆகலாம். பல பெட்டிகள் வெறுமையாகப் போகும், பொறுமை வேண்டும். வாங்கும் கிளையிலேயே திருப்பிப் போடாதீர்கள். எண்ணும் இயந்திரம் உள்ள வேறு வங்கியில் போடுங்கள், கட்டணம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளூர் நாணயக் கடை. இங்கே ‘ஜங்க் சில்வர்’ பெட்டி எது என்று கேளுங்கள். தேய்ந்த 90 சதவீத வெள்ளி நாணயங்களை வெள்ளி விலைக்கே கொட்டி வைத்திருப்பார்கள். பொறுக்கி எடுக்க அனுமதிக்கும் கடைதான் உங்கள் கடை. 1892 முதல் 1916 வரையிலான பார்பர் நாணயங்கள் அதில் அடிக்கடி கிடக்கும். நிற்கும் சுதந்திரதேவி கால் டாலரில் 1925க்கு முன் வந்தவற்றில் வருடம் மேடாக இருந்ததால் தேய்ந்து அழிந்துபோயிருக்கும். அவற்றையும் புரட்டிப் பாருங்கள். 1916ல் வெறும் 52,000 அச்சடித்த கால் டாலரை, வருடம் அழிந்த பிறகும் தலைமுடியிலும் ஆடை மடிப்பிலும் உள்ள வேறுபாட்டை வைத்து அடையாளம் காணலாம். படத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது மிக அரிது, ஆனால் பார்ப்பதற்குக் காசில்லை.

கடைக்காரரிடம் பேசும் விதமும் முக்கியம். நாணயத்தில் குறை சொல்லி விலை குறைக்கப் பார்த்தால் முகம் சுருங்கிவிடும். ‘இதற்கு உங்கள் கடைசி விலை என்ன, ரொக்கமாகத் தருகிறேன்’ என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் குறைப்பார். நான்கைந்தைச் சேர்த்து எடுத்துக் கேட்டால் இன்னும் குறையும். தேடும் நாணயங்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தால், அலமாரியில் வைக்கும் முன்பே உங்களை அழைக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

நாணயக் கண்காட்சிகள். ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஃபன் கண்காட்சி, கோடையில் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் பெரிய கண்காட்சி ஆகியவை பெயர் பெற்றவை. ஆனால் புதியவருக்கு ஊர்ப் பக்கத்து விடுதியிலோ மண்டபத்திலோ ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சின்னக் கண்காட்சியே போதும். நுழைவு இலவசம், அல்லது சில டாலர். நல்ல நாணயம் வேண்டுமென்றால் கதவு திறக்கும்போதே போங்கள். விலை குறைய வேண்டுமென்றால் கடைசி நாள் மதியம் போங்கள், மூட்டை கட்டும் நேரத்தில் சுமந்து திரும்பிப் போக யாருக்கும் மனம் இருக்காது. ரொம்பத் தாமதித்தால் பாதி மேசைகள் காலியாகியிருக்கும்.

ஈபே. தலைப்பில் எழுத்துப் பிழை இருப்பவை, ‘தாத்தாவின் பழைய காசுகள்’ என்று மொத்தமாகப் போட்டவை, வேலைநாள் காலையில் முடியும் ஏலங்கள், இவற்றில் போட்டி குறைவு. கட்டும் அதிகபட்சத் தொகையை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, கடைசி சில நொடிகளில் ஒரே முறை கேளுங்கள். முன்கூட்டியே கேட்டால் விலையை நீங்களே ஏற்றிவிடுவதாக ஆகும். இரண்டு பக்கமும் தெளிவான படம் இல்லாத பட்டியலைத் தொடாதீர்கள். ஒரே விற்பனையாளரிடம் பலவற்றை வாங்கி அஞ்சல் செலவைச் சேர்த்துக் குறைக்கச் சொல்லுங்கள். சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் 30 நாளுக்குள் திருப்பலாம். அந்தக் கெடுவை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

யாரும் கவனிக்காத சில இடங்களையும் சொல்ல வேண்டும், உண்மையான மலிவு இங்கேதான் கிடக்கிறது. 1983 முதல் 2018 வரை அமெரிக்க நாணயச்சாலை வெளியிட்ட நினைவு வெள்ளி டாலர்களிலும் மார்கனில் இருக்கும் அதே 0.7734 அவுன்ஸ் வெள்ளிதான். பெட்டியும் சான்றிதழுமாக, பலவற்றை வெள்ளி விலையை ஒட்டியே வாங்கிவிடலாம். 1980களின் புரூஃப் செட்டுகளை (சேகரிப்பாளர்களுக்காகக் கண்ணாடிபோல் மின்னும்படி அச்சடித்த தொகுப்புகள்) நாணயச்சாலை பெரும்பாலும் 11 டாலருக்கு விற்றது. இன்றைக்கும் பல கடைகளில் அதைவிடக் குறைவு. அவற்றில் வெள்ளி இல்லை, லாபமும் பெரிதாக வராது, ஆனால் பிள்ளைகளுக்குக் காட்டி ஆரம்பிக்க இதைவிட நல்லது கிடையாது. 1990 செட்டைப் பார்த்தால் ஒரு சென்ட் காசில் வருடத்துக்குக் கீழே எஸ் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ் விடுபட்டது இருந்தால் ஆயிரக்கணக்கில் போகும். 1983ல் 10 சென்ட், 1971ல் 5 சென்ட் ஆகியவற்றிலும் இப்படி விடுபட்டவை உண்டு.

7. ஏமாற்றுகள்

போலி நாணயங்கள் ஏராளம். டிரேட் டாலர் என்ற 1870களின் வெள்ளி டாலர் அதிகம் போலியாகும் நாணயங்களில் ஒன்று. அதன் சரியான எடை 27.22 கிராம், 24 அல்லது 25 காட்டினால் அங்கேயே வைத்துவிடுங்கள். எடை சரியாக இருந்தாலும் உண்மை என்று அர்த்தமில்லை.

உண்மை நாணயத்தைத் திருத்தி விற்பதும் உண்டு. 1943 செம்புக் காசு என்று காட்டினால் காந்தத்தை வையுங்கள். அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில் அச்சடித்தார்கள், செம்பு முலாம் பூசிய எஃகுக் காசு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றாலும் 1948ன் 8ஐ வெட்டி 3 ஆக்கியிருக்கலாம். 1914 டி என்று விற்பதில் பல, 1944 டி காசின் முதல் 4ஐத் திருத்தியவை. லிங்கனின் தோளுக்குக் கீழே விடிபி என்ற சின்ன எழுத்துகள் இருந்தால் அது 1914 ஆக இருக்கவே முடியாது, தோளில் அவை 1918ல்தான் வந்தன. மெர்க்குரி 1916 டி, 1909 எஸ் போன்றவற்றில் எழுத்தை ஒட்டியிருப்பார்கள். 200 டாலருக்கு மேல் போகும் இப்படிப்பட்ட நாணயங்களை பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி பெட்டியில் மட்டும் வாங்குங்கள். பெட்டியும் போலியாக வருகிறது. பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே இருக்கும் படமும் கையில் இருக்கும் நாணயமும் கீறலுக்குக் கீறல் ஒன்றா என்று பாருங்கள். எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது.

‘யாரும் பிரித்துப் பார்க்காத சுருள்’ என்ற பட்டியல்களை விட்டு ஒதுங்குங்கள். சுருளின் ஒரு முனையில் பழைய இந்தியன் தலைக் காசும் மறுமுனையில் ஒரு மெர்க்குரியும் எட்டிப் பார்க்கும். தூண்டிலில் மாட்டும் புழு அது. உள்ளே இருப்பவை சல்லடை போட்டு எடுத்த மிச்சம்.

தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் வரும் ‘இன்று மட்டும், ஒருவருக்கு ஐந்து’ விளம்பர நாணயங்களை, தங்க முலாம் பூசிய மாநிலக் கால் டாலர்களை வாங்காதீர்கள். முலாம் பூசிய நாணயத்துக்குச் சேகரிப்பாளர் ஒருவரும் விலை தரமாட்டார். நகல் என்றால் ‘காப்பி’ என்ற சொல் நாணயத்திலேயே இருக்க வேண்டும் என்று 1973ன் சட்டம் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் போலிகள் அதை மதிப்பதில்லை.

8. முழுச் செலவையும் கூட்டுங்கள்

ஏல நிறுவனத்தில் சுத்தியல் விழுந்த விலையோடு கதை முடியாது. பெரிய நிறுவனங்களில் வாங்குபவர் கட்டணம் சுமார் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல். 200 டாலருக்கு ஏலம் எடுத்தால் கட்டணத்தோடு 240. உங்கள் ஊரில் விற்பனை வரி 8 சதவீதம் என்றால் இன்னும் 19.20. அஞ்சல் 15. ஆக 274.20. ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்: மொத்தம் எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்து, அதிலிருந்து இவற்றைக் கழித்து, அதற்குமேல் ஏலத்தில் கை தூக்காதீர்கள்.

விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் நாணயங்களுக்கு வரி இல்லை. கலிபோர்னியாவில் ஒரே பரிவர்த்தனை 2,000 டாலரோ அதற்கு மேலோ போனால் வரி இல்லை, கீழே என்றால் உண்டு. சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன, வாங்கும் முன் உங்கள் மாநில வரித்துறை தளத்தைப் பாருங்கள். இணையத்தில் வாங்கினாலும் உங்கள் மாநில வரிதான்.

வெள்ளி விலை வேகமாக ஏறும் வாரங்களில் சாதாரண வருடத்து வெள்ளி நாணயங்களைத் தேடி அலைய வேண்டாம். அந்த நேரத்தில் செம்பு, நிக்கல் நாணயங்களைப் பாருங்கள், அவற்றுக்கு அந்த ஆட்டம் இல்லை. கொஞ்சம் விலை கூடிய நல்ல நாணயங்களும் அப்போது கவனிக்கத்தக்கவை. வெள்ளி மதிப்புக்கும் அவற்றின் விலைக்கும் உள்ள இடைவெளி சுருங்கியிருக்கும்.

9. ஆவணமும் பாதுகாப்பும்

ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: வாங்கிய தேதி, யாரிடம், நாணயத்தின் விலை, வரி, அஞ்சல், ஸ்லாப் எண். ரசீதைப் படம் எடுத்து அதோடு சேருங்கள். கண்காட்சியில் ரொக்கம் கொடுத்தாலும் டீலரிடம் கையால் எழுதிய ரசீது கேளுங்கள், தருவார். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நாணய லாபத்துக்கு மத்திய வரி அதிகபட்சம் 28 சதவீதம் வரை போகும், பங்குகளுக்கு அது 20. வாங்கிய விலைக்குச் சான்று இல்லையென்றால் லாபம் எவ்வளவு என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

நெகிழ்வான வினைல் உறைகளில் நாணயத்தை வைக்காதீர்கள். வருடக்கணக்கில் அதிலிருந்து கசியும் பொருள் நாணயத்தில் பச்சையாகப் படியும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் சன்னல் உள்ள அட்டை உறை சில சென்ட்தான், விலை கூடியவற்றுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் குப்பி. நாணயத்தை எப்போதும் விளிம்பில் மட்டும் பிடியுங்கள், கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் காப்பீட்டை நம்பி இருந்துவிட வேண்டாம். வழக்கமான பாலிசிகள் பணம், நாணயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 200 டாலர் என்ற அளவிலேயே உச்சவரம்பு வைக்கின்றன. சேகரிப்பு சில ஆயிரம் டாலரைத் தாண்டினால் தனிக் காப்பீடு கேளுங்கள், மேலே சொன்ன பட்டியலைத்தான் முதலில் கேட்பார்கள். வங்கிப் பெட்டகம் நல்லது, ஆனால் வங்கி வைப்புப் பணத்துக்குக் கிடைக்கும் எஃப்டிஐசி காப்பீடு பெட்டகத்தில் இருக்கும் பொருளுக்குச் செல்லாது. விலையுயர்ந்த நாணயத்தை அனுப்ப வேண்டியிருந்தால் அமெரிக்க அஞ்சலின் பதிவு அஞ்சல்தான் சிறந்தது. மெதுவாகப் போகும், ஆனால் கை மாறும் இடமெல்லாம் கையெழுத்து வாங்குவார்கள், 50,000 டாலர் வரை காப்பீடும் எடுக்கலாம். பெட்டியின் வெளியே நாணயம் என்று எங்கும் எழுதாதீர்கள், உள்ளே சத்தம் வராதபடி இறுக்கிக் கட்டுங்கள்.

பட்டியலின் ஒரு பிரதியை வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன விலை போகும், யாரிடம் விற்கலாம் என்று சொல்லி வையுங்கள்.